ரெண்டு நூல் பொய்

கோபுரத்தில் கரண்ட் கடிகாரம் மாட்டிய பிறகு, கல்லறைத் தோட்டத்தில் நிற்கிற நிழல் கடிகாரம் இனி எதற்கு என்று எங்கள் புன்னவிளை சபைக் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. செயலர் என் பக்கம் திரும்பி, "அத செஞ்சு வச்சது நீங்கதானே அண்ணாச்சி? நாலு வரி எழுதித் தாருங்க, அடுத்த கூட்டத்துல வாசிச்சிருவோம்" என்றார். ஆமா என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்த ஆமா நெஞ்சுக்குள் குறுகுறுத்தது. நாலு வரிக்குள் அடங்குகிற சங்கதி இல்லை இது. முழுதாக எழுதிவிடுகிறேன். வாசிப்பதும் வாசிக்காததும் அவர் பாடு.

நான் கல்லெழுத்து வெட்டுகிறவன். நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் மிஷனுக்குச் சொந்தமான ஒரு கல் கொட்டகை இருந்தது. அன்றைக்கு இந்தப் பகுதியெல்லாம் திருவிதாங்கூர் ராஜ்யம். நானும் மாசிலாமணியும் ஒரே நாளில் அந்தக் கொட்டகையில் சேர்ந்தோம். இரண்டு பேருக்கும் மீசை அரும்பியிருந்த வயது. முதல் இரண்டு வருஷம் கல்லைப் பொளிந்து சமப்படுத்துகிற வேலை, அடுத்த வருஷம் கோடு, நாலாம் வருஷம் எழுத்து. அவ்வளவுதான் எங்கள் படிப்பு.

கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டுவதற்கு ஒரு முறை உண்டு. கல்லை வழவழப்பாகத் தேய்த்து, காவியைக் கரைத்து முகம் முழுக்கப் பூசுவோம். காய்ந்ததும் நூல் பிடித்து வரி போட்டு, கரியால் எழுத்தை வரைவோம். முதலில் நேர்க்கோடுகளை மட்டும் சிற்றுளியால் இறக்க வேண்டும். பிறகு வளைவுகள். சுழியை ஒரே பக்கமாகச் செதுக்கிக்கொண்டு போனால் உள்பக்கம் சில்லு பெயர்ந்துவிடும். இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளியைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். ஒரு வாரத்து வேலையை ஒரு புள்ளி கெடுத்துவிடும்.

எங்களுக்கு மேலே இருந்தவர் பாக்கியநாதன் ஓவர்சியர். ஒல்லியான மனிதர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வேலை முடிந்ததும் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈரத்துணியால் கல்லின் முகத்தைத் துடைப்பார். எதிரே நின்று பார்க்க மாட்டார். பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, சாய்ந்த வெயிலில் எழுத்தின் பள்ளத்தில் நிழல் எப்படி விழுகிறது என்று பார்ப்பார். பிறகு சுண்டுவிரல் நகத்தைப் பள்ளத்துக்குள் விட்டு, எழுத்தின் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஓட்டிக்கொண்டு போவார். நகம் எங்கேயாவது தடுக்கினால் "பாப்போம்" என்பார். தடுக்காவிட்டால் "கொள்ளாம்" என்பார். இந்த இரண்டு சொல்லுக்கு மேல் அவரிடமிருந்து வராது. "பாப்போம்" என்றால் அந்த வரியை மொத்தமாகத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடியும் வெட்ட வேண்டும் என்று அர்த்தம்.

எனக்குப் பாதி நாள் "பாப்போம்" கிடைக்கும். மாசிலாமணிக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை.

அவன் என்னைவிட உழைத்தான் என்று சொன்னால் பொய். நான் காலையில் அவனுக்கு முன்னே வந்து அவனுக்குப் பின்னே போவேன். அவன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, பாதி வேலையில் எழுந்து போய் மாமரத்தடியில் கதை பேசிவிட்டு வருவான். ஆனால் அவன் வெட்டிய 'ழ' கல்லில் கிடப்பது போல இருக்காது. தண்ணீரில் மிதப்பது போல இருக்கும். நான் அவன் இல்லாத நேரத்தில் அவன் எழுத்தின்மேல் காகிதத்தை வைத்துக் கரியால் தேய்த்து எடுத்துக்கொண்டு போய், வீட்டில் அளவெடுத்துப் பார்த்திருக்கிறேன். அளவு ஒன்றுதான். அதே அளவில் நான் வெட்டினால் அது வேறு எழுத்தாக வரும்.

என் அப்பா இறந்தபோது கல் யார் வெட்டுவது என்ற கேள்வியே வராது என்று நினைத்திருந்தேன். பதினாறாம் நாள் என் அம்மா என்னைக் கூப்பிட்டு, "மக்கா, அந்த மாசிலாமணிட்ட சொல்லிரு. நீ வெட்டினா அழுது கை நடுங்கும்லா" என்றாள். என் கை நடுங்காது என்பது அவளுக்கும் தெரியும். அவன் வெட்டினான். ஓவர்சியர் "கொள்ளாம்" என்றார். என் அப்பாவின் பெயர் இன்றைக்கும் அவன் எழுத்தில்தான் இருக்கிறது.

இதெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில். அந்தப் பத்தாண்டின் கடைசியில் மிஸியம்மாள் காலமானாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் முப்பது வருஷம் எங்கள் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரி. புன்னவிளைக் கல்லறைத் தோட்டத்தில், பெரிய புன்னை மரத்துக்குச் சற்றுத் தள்ளி அடக்கம் செய்தார்கள். அங்கே நூறு வருஷத்துக் கல்லறைகள் உண்டு. முதல் உபதேசியாரும், காலராவில் போன குடும்பங்களும், இரண்டு மூன்று துரைமார்களின் சின்னக் குழந்தைகளும் அங்கேதான் கிடக்கிறார்கள்.

சில மாதங்கள் கழித்து அவளுடைய தம்பி சீமையிலிருந்து ஒரு மரப்பெட்டி அனுப்பினார். உள்ளே வைக்கோலுக்கு நடுவே ஒரு பித்தளைத் தகடு. அதன் மேல் முக்கோணமாக ஒரு பித்தளை இறக்கை நட்டமாக நின்றது. அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் இருந்த நிழல் கடிகாரம். சின்ன வயதில் மிஸியம்மாள் அதைச் சுற்றித்தான் விளையாடுவாளாம். அதை அவள் கல்லறையின் தலைமாட்டில் ஒரு கல்தூணில் பதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

கொட்டகையில் எல்லோருக்கும் அந்த வேலை மேல் கண். எனக்குக் கொஞ்சம் கூடவே. எழுத்தில்லாத வேலை அது. மட்டமும் கோணமும்தான் வேண்டும். அதில் நான் சோடை போகமாட்டேன் என்று எனக்குத் தெரியும். ஓவர்சியர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "மாசிலாமணி, நீ வை. ஞானமுத்து, நீ படிக்கல்லப் போடு" என்றார். ஏறி நிற்கிற கல்லை நான் போட வேண்டும். ஏறி நின்று பார்க்கிறதை அவன் வைக்க வேண்டும்.

நான் குனிந்து படிக்கல் போட்டுக்கொண்டே அவன் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையில் மட்டும் அவன் வெற்றிலை போடவில்லை. தரையில் ஒரு குச்சியை நட்டு, அதைச் சுற்றி வட்டம் போட்டு, காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடுகிற இடத்திலும் மாலையில் தொடுகிற இடத்திலும் ஆணி அடித்து, அதிலிருந்து வடக்கு தெற்கைக் கண்டுபிடித்தான். ஒரு நாள் போதாதென்று மூன்று நாள் செய்தான். அஸ்திவாரத்தைப் பாறை தட்டும் வரை தோண்டினான். தூணின் தலையை ரசமட்டம் வைத்து வைத்துத் தேய்த்தான். தை மாதத்தில் தகட்டைப் பதித்தான். பிரதிஷ்டை அன்று மிஷனரி துரை தன் சட்டைப்பையிலிருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். ஐந்து பத்து நிமிஷம்தான் வித்தியாசம். துரை மாசிலாமணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் போட்ட படியில் நின்றுகொண்டுதான் குலுக்கினார்.

மாசி முழுக்க அது நன்றாகத்தான் ஓடியது. பங்குனியில் மதியத்துக்குப் பிறகு அரைமணி நேரம் முந்தத் தொடங்கியது. சித்திரையில் ஒரு மணி நேரம். வைகாசியில் பிற்பகல் மூன்று மணிக்கு அது ஐந்தை நெருங்கியது. காலையில் அதே அளவு பிந்தியது. உச்சிவேளைக்கு மட்டும் சரியாக இருக்கும். ஆராதனை முடிந்து வருகிறவர்கள் சுற்றி நின்று சிரிக்க ஆரம்பித்தார்கள். "கல்லு எறங்கிருக்கும்வே" என்றார் ஒருவர். "அஸ்திவாரம் செரியில்ல" என்றார் இன்னொருவர். மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனதால் எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

எனக்கு எப்படி இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. பண்டிகை போல இருந்தது. அவன் வேலையில் ஒரு பிசகு! அதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் மதியம், ஆளில்லாத நேரமாகப் பார்த்து, ரசமட்டத்தையும் ஒரு செம்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனேன். தகட்டின் மேல் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நடுவில் நின்றது. திருப்பி வைத்தேன், நடுவில்தான் நின்றது. நம்பிக்கையில்லாமல் தண்ணீரை ஊற்றினேன். எந்தப் பக்கமும் சாயாமல், நாலு பக்கமும் ஒரே அளவில் பரவி நின்றது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். நூல் பிடித்து வடக்கு பார்த்தேன். ஒரு மயிரிழை பிசகு இல்லை.

அந்த மத்தியான வெயிலில் நின்று என்ன நினைத்தேன் என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. இது ஏன் தப்பாகக் காட்டுகிறது என்று நினைக்கவில்லை. இப்படி என்னால் வைக்க முடியாதே என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஓவர்சியர் எங்கள் இரண்டு பேரையும் தூணுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். அவருக்குக் கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. ரசமட்டத்தின் குமிழி அவருக்குத் தெரியாது. "ஞானமுத்து, நீ வச்சுப் பாத்துச் சொல்லு" என்றார். மாசிலாமணி ஒதுங்கி நின்றான். நான் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நடுவில் நின்றது.

"தெக்குப் பக்கம் ரெண்டு நூல் எறக்கம் இருக்கு" என்றேன்.

எங்கள் வேலையில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ரெண்டு நூல் இறக்கம் என்றால் கொத்தனாரின் கையை வெட்டலாம்.

மாசிலாமணி என்னைப் பார்த்தான். "நீ செரியா பாத்தியா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை.

"பாத்தேன்லே."

அவன் வந்து ரசமட்டத்தைத் தொடக்கூட இல்லை. தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நடந்து போய்விட்டான். ஓவர்சியர் "பாப்போம்" என்றார். அந்தச் சொல் மாசிலாமணிக்குக் கிடைத்தது அதுதான் முதல் முறை. அடுத்த வாரம் கல்லறைத் தோட்டத்து வேலை இனி அவனுக்கு இல்லை என்று ஆயிற்று. கிணற்றுக்குப் படிக்கல் உடைக்கச் சொன்னார்கள். ஒரு மாதம் உடைத்தான். பிறகு மனைவி ரூத்தையும் கூட்டிக்கொண்டு அவள் ஊரான அஞ்சுகிராமத்துக்குப் போய்விட்டான்.

நிழல் கடிகாரத்தைச் சரிசெய்கிற வேலை எனக்கு வந்தது. நான் சொன்ன பொய்க்கு நானே வேலை செய்ய வேண்டும். தகட்டைப் பெயர்த்து, அவன் தேய்த்து வைத்திருந்த தூணின் தலையை உளியால் கொத்திக் கலைத்தேன். கண்ணாடி போல இருந்த கல். நான் திரும்பச் சமப்படுத்தி வைத்தபோது அவன் வைத்த அளவுக்கு வரவில்லை. ஆனாலும் மட்டமாகத்தான் இருந்தது. மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தேன். ஐந்தை நெருங்கியிருந்தது.

இனி கேலி என் தலையில் விழும். நாகர்கோவிலில் மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் செல்லையா சாரிடம் போய் நின்றேன். அவர் ஒரு நாள் வந்து கடிகாரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பித்தளை இறக்கையின் சாய்வைக் கோணமானியால் அளந்தார். பிறகு புன்னை மரத்தடியில் உட்கார்ந்து, கீழே கிடந்த ஒரு புன்னங்காயைப் பூமி என்று எடுத்து அதன் பக்கத்தில் ஈர்க்குச்சியைக் குத்திக் காட்டினார்.

"இந்தச் செறகு எப்பவும் துருவ நட்சத்திரத்தப் பாக்கணும் ஞானமுத்து. சீமையில அந்த நட்சத்திரம் பாதி வானத்துக்கு மேல நிக்கும், அம்பத்திரண்டு பாகை. நமக்கு அது தரையோட தரையா எட்டு பாகையிலதான் கெடக்கு. வைகாசி ஆனியில நம்ம மத்தியான நெழல் தெக்க விழுதுல்லா? அந்த ஊருல ஒருநாளும் விழாது. அந்த ஊரு வெயிலுக்குச் செஞ்சத இங்க கொண்டு வச்சா இது என்ன செய்யும்?"

"அப்போ தையில செரியாக் காட்டிச்சே சார்?"

"அது தற்செயலா ஒத்துப்போகுத மாசம். வெயிலு வடக்க ஏற ஏற தப்பும் ஏறும்." பிறகு சொன்னார்: "மொதல்ல வச்சவன் மேல ஒரு குத்தமும் கெடையாது. தை மாசத்துல அவன் வச்சத நான் வந்து பாத்தேன். அவ்வளவு நெரப்பா, மட்டமா வைக்கதுக்கு இந்தப் பக்கத்துல வேற ஆளு இல்ல."

என் பிழைப்பைக் காப்பாற்ற வந்த மனிதர் அதையும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் கணக்குப் போட்டு அட்டையில் ஒரு முக்கோணம் வெட்டித் தந்தார். நாற்பத்துநாலு பாகை. அந்தச் சரிவில் ஒரு கருங்கல் ஆப்பைச் செய்து தூணின் மேல் வைத்து, அதன்மேல் தகட்டைப் பதித்தால், தகடு வடக்கே பார்த்து எழுத்துமேசை போலச் சாய்ந்து நிற்கும். சீமையில் தரை எப்படிக் கிடக்குமோ அப்படி இங்கே தகடு கிடக்கும். ஒன்றரை மாதம் அந்தக் கல்லோடு கிடந்தேன். அட்டையை வைத்து வைத்துப் பார்த்துத் தேய்த்தேன். வைத்த நாள் முதல் அது சரியாக ஓடியது. மார்கழியில் மட்டும் எட்டு மணிக்குப் பிறகுதான் வெயில் அதன் முகத்தில் விழும்; நாலு மணிக்கு மேல் இருக்காது. மற்றபடி வருஷம் முழுக்கப் பிசகவில்லை.

துரை என் கையையும் குலுக்கினார். ஓவர்சியர் சரிவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து "கொள்ளாம்" என்றார். பிறகு எல்லோரும் போகும்வரை காத்திருந்து கேட்டார்: "வாத்தியாரு சொல்லதப் பாத்தா மாசிலாமணி வச்சது செரின்னுல்லா வருது. நீ ரெண்டு நூல் எறக்கம்னு சொன்னியே?"

அது உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு. "அந்த எறக்கமும் இருந்துது ஐயா" என்றேன்.

முதல் பொய்யைப் பொறாமை சொல்லிற்று. இரண்டாவதை யோசித்துச் சொன்னேன். அதனால்தான் இரண்டாவது இன்றும் அறுக்கிறது.

இரண்டு வருஷம் போயிற்று. கொட்டகையில் எழுத்து வேலையெல்லாம் எனக்கே வந்தது. ஒப்பிட்டுச் சொல்ல ஆளில்லாததால் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் ஒவ்வொரு கல்லையும் முடித்த பிறகு, அவன் வெட்டியிருந்தால் எப்படி இருக்கும் என்று நானே மனதில் வெட்டிப் பார்ப்பேன். அவன் போய்விட்டான், அவன் மேலிருந்த எரிச்சல் போகவில்லை.

அந்தச் சமயம், கடிகாரத்தைச் சாய்த்து வைத்த சேதியைத் துரை எழுதியதற்குப் பதிலாக, சீமையிலிருந்து மிஸியம்மாளின் தம்பியார் கடிதம் எழுதினார். ஆப்புக் கல்லின் தெற்கு முகத்தில், அக்காளின் பெயரையும் பிறந்த ஊரையும் அடக்கமான ஊரையும் தமிழில் வெட்டித் தர வேண்டும் என்று கேட்டிருந்தார். துரை வாசித்துச் சொன்ன கடிதத்தை ஓவர்சியர் மடித்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அஞ்சுகிராமத்துக்குப் போயி மாசிலாமணியக் கூட்டிட்டு வா."

"நானே வெட்டுதேன் ஐயா."

"கூட்டிட்டு வா."

பாதி நடையும் பாதி மாட்டுவண்டியுமாகப் போனேன். ஊருக்கு வெளியே பனைகளுக்கு நடுவே ஓலைக் கொட்டகை. ஓரத்தில் வரிசையாக அம்மியும் ஆட்டுக்கல்லும். 'ழ'வைத் தண்ணீரில் மிதக்கவிட்ட கை ஒரு அம்மியின் முகத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. ரூத் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். மாசிலாமணி உளியைக் கீழே வைத்தான்.

"வா. வெயில்ல நடந்தா வந்த?"

வந்த காரியத்தைச் சொன்னேன். அவன் அம்மியின் மேல் கிடந்த தூளை ஊதினான். வருகிற வழியெல்லாம் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டு வந்ததை அப்போது சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு எறக்கம் இல்லலே. குமிழி நடுவுலதான் நின்னுது."

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"நான் வச்ச கல்லு எனக்குத் தெரியாதா? அதுக்கு ரெண்டு நாளு முன்ன நீ செம்புல தண்ணி கொண்டுபோயி ஊத்திப் பாத்தத ரூத் பாத்துட்டு வந்து சொன்னா. அப்போ சந்தோசமா இருந்துது. இனி பயமில்ல, அவன் பாத்துட்டான்னு சொன்னேன் அவட்ட."

அவன் பக்கத்தில் குந்தினேன். "பொறவு ஏன்லே அங்கேயே சொல்லல? நீ ரசமட்டத்த எடுத்து வச்சிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்?"

"யாருட்ட காட்ட? ஓவர்சியருக்குக் கண்ணு தெரியாது. துரைக்கு இதுல ஒண்ணும் தெரியாது. எனக்க வேலையப் பாத்து நல்லது கெட்டது சொல்லத் தெரிஞ்சவன் அந்தக் கொட்டகையில நீ ஒருத்தன்தான். எனக்க எழுத்துமேல காயிதம் வச்சுத் தேச்சு எடுத்துட்டுப் போவியே, அதுவும் எனக்குத் தெரியும். நீயே எறக்கம்னு சொன்ன பொறவு நான் யாருட்ட நின்னு வழக்காட?"

உள்ளேயிருந்து ரூத்தின் குரல் வந்தது. "அந்த ஆளுக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க."

அவன் சொன்னான்: "நீ போயி ஓவர்சியர்ட்ட உண்மையச் சொல்லு. அவரு கூப்பிட்டா வாறேன். நீ கூப்பிட்டு வரல."

திரும்பி வருகிற வழியில் மனது இளகியிருந்தது என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. கெட்டவன் என்று என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அங்கேயும் அவன்தான் பெரியவனாக நின்றான். அதுதான் வண்டிச் சக்கரம் உருள உருள எனக்குள் உருண்டது.

ஓவர்சியரிடம் சொன்னேன். வேலைக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். தனியாகச் சொன்னால் மூன்றாவது பொய்யும் வந்துவிடுமோ என்று பயம். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். என்னைத் திட்டவில்லை. "ஒரு வருசத்துக்கு நீ எழுத்தத் தொடாண்டாம். அவனுக்குக் கல்லு தேச்சுக் குடு" என்றார். கண் சரியாகத் தெரியாவிட்டாலும் தன் கையாலேயே மாசிலாமணிக்குக் கடிதம் எழுதினார்.

அவன் வந்தான். என் ஆப்புக் கல்லின் தெற்கு முகத்தை நானே தேய்த்து, காவி பூசி, வரி பிடித்துக் கொடுத்தேன். அவன் எட்டு நாள் வெட்டினான். எங்களுக்குள் வேலைப் பேச்சு மட்டும்தான். "வரி நல்லா இருக்கு" என்று ஒரு தடவை சொன்னான். அதை உண்மையாகத்தான் சொன்னான் என்பதால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் ஓவர்சியர் வந்தார். அவருக்கு அப்போது பார்வை அநேகமாகப் போய்விட்டது. படியைக் காலால் தடவி ஏறி, சுண்டுவிரலை மட்டும் எழுத்துக்குள் விட்டு, அவள் பெயரில் தொடங்கி, பிறந்த ஊரைக் கடந்து, புன்னவிளை வரைக்கும் வந்தார். விரல் எங்கேயும் நிற்கவில்லை. "கொள்ளாம்" என்றார். பிறகு முகத்தை நான் நின்ற பக்கம் திருப்பி, "பள்ளத்துல தூசி கெடக்கு. தட்டி எடு ஞானமுத்து" என்றார்.

பனைநார் தூரிகையை எடுத்துக்கொண்டு மண்டியிட்டேன். தூசி போகப் போக எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. ஒவ்வொன்றின் முன்னும் நின்று, எங்கேயாவது ஒரு பிசகு இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசி எழுத்தை முடித்துவிட்டு, மறுபடியும் முதல் எழுத்திலிருந்து தேடினேன்.